ஜெரோம் அனுப்பிய கத்திரிக்காய்

— சாத்தாத மோகனா. ஜன்னல சாத்துனன்னு வெச்சுக்கோ, இங்கயே குந்திக்கினு தெருவே கேக்கறாமாரி கத்துவேன்.

— கத்தாதீங்க செசிலியாக்கா. யாராவது பாத்தா அண்ணன்கிட்ட போய் சொல்லிடுவாங்க. நீங்க இங்க வந்ததே தப்பு.

— தப்பா? எது தப்பு, எது சரின்னு கேக்கத்தான் வந்துகீறேன். வெளிய வா. மூஞ்சிக்கு மூஞ்சி பேசலாம்.

— வெளிய பூட்டிருக்குக்கா. சாவி விமலண்ணன்கிட்ட. கடைக்கு வேலைக்கும் போகக் கூடாது, போனும் கிடையாதுன்னு சொல்லிட்டான்.

— எம் புருசன் கைய ஒடச்சான், தங்கச்சிய உள்ள வெச்சுப் பூட்டுனான். இப்ப எங்க போயிகீறாரு அந்த மகராசன்?

— ஐஸ் எடுத்துட்டு வர பொன்னேரி போயிருக்கான். கூட்டத்துக்கு முன்னாடி வந்துருவான். அம்மா மீன் விக்கப் போயிருக்கு. நீங்க கெளம்புங்கக்கா, உங்களுக்குத்தான் வம்பு.

— இதுக்கு மேல இன்னா வம்பு வரணும் எனக்கு? சாயந்தரம் கோயிலாண்ட ஊரே குந்தப் போவுது. எங்க குடும்பத்த இனிமே ஏரில கால் வெக்க வுடக் கூடாதுன்னு உங்க வலக்காரங்க தெருவுல முன்னாடியே பேசி முடிச்சுட்டாங்களாம். உன்ன நிக்க வெச்சு ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க. ஜெரோமு உனக்கு அந்தப் படத்த கெட்ட எண்ணத்துல அனுப்புனாரா, இல்லியா? அதுக்கு நீ இன்னா பதிலு வெச்சுகீற, சொல்லு.

— அண்ணனுக்கு... ஜெரோமண்ணனுக்கு கை எப்படிக்கா இருக்கு?

— கேட்டதுக்கு பதிலு சொல்லாம கை எப்படி கீதுன்றியா? சோத்துக் கை போச்சு. மணிக்கட்டாண்ட நொறுங்கிக் கெடக்கு. கம்பி வெச்சாத்தான் சேரும், சேந்தாலும் பழையபடி விரலு மடங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. இவரு இன்னா, குந்தின எடத்துல கையெழுத்து போட்டு சம்பாரிக்கிற ஆளா? பறிக் கூடைய வாயில கடிச்சுக்கினு, தண்ணில மண்டி போட்டு, ரெண்டு கையாலயும் சேத்தத் தடவித் தடவி எறா புடிக்கிற மனுசன். உங்களுக்கு போட்டு கீது, வல கீது. எங்களுக்கு கையிதான் வல.

— அவ்ளோ தூரம் போவும்னு நான் நெனைக்கலக்கா. சத்தியமா.

— நெனைக்கலியா? உங்கண்ணன் உன் போன நீட்டிக்கினு தொறைக்கு வந்தப்போ நீயும்தான் பின்னாலயே ஓடியாந்த. நான் அங்கதான் எறா பிரிச்சுக்கினு குந்தியிருந்தேன். ஒன்னு விடாம பாத்தேன். "இது யாரு அனுப்புனது"ன்னான். இவரு கண்ண இடுக்கிக்கினு பாத்துட்டு சிரிச்சாரு. "கத்திரிக்கா படம்தானே தம்பி, நான்தான்"னாரு. பக்கத்துல அவன் சேக்காளி அந்த சுரேஷு கெக்கெக்கேன்னு சிரிச்சான். எனக்கு ஒன்னுமே வெளங்கல. கத்திரிக்காய்க்கு இன்னா இப்படி ஒரு சிரிப்புன்னு பாத்துக்கினு கீறேன், துடுப்பு எறங்கிடுச்சு.

— போதும்க்கா.

— போதாது. கேளு. அந்தக் கண்றாவிக்கு அர்த்தமே எனக்கு ஆஸ்பத்திரிலதான் தெரிஞ்சுது. கூட வந்த பக்கத்து வூட்டு ஜெஸ்ஸி காதாண்ட வந்து சொன்னா. மாதாவே, மொதல்ல எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. தலைல பச்சக் குல்லா மாட்டிக்கினு கூடைல கம்முனு கெடக்கற காயி. அதுல போயி இன்னாத்தடி கண்டானுங்க?

— போன்ல அப்படி ஆயிடுச்சுக்கா. எங்கயோ வெளிநாட்டுல ஆரம்பிச்சாங்களாம். இப்ப மீம்ஸ், ரீல்ஸ் எல்லாத்துலயும் பசங்க அதத்தான் போடுவாங்க. ஒரு பையன் பொண்ணுக்கு அத அனுப்புனா அது காயி இல்ல, ஆம்பள சமாச்சாரம்.

— அவரு பையனா? தலைல பாதி நரைச்சாச்சு. எழுத்து தெரியாத மனுசன்டி. எங்க பையன் சாமு கும்முடிப்பூண்டி கம்பெனில வேலைக்குச் சேந்ததும் அந்தப் போன வாங்கியாந்து குடுத்தான். "நைனா, எழுதவே வேணாம், படத்த தொடு, போயிடும்"னு கைய புடிச்சு சொல்லிக் குடுத்தான். தக்காளி வேணும்னா தக்காளி. வெங்காயம் வேணும்னா வெங்காயம். நீ துணிக்கடை விட்டு வர்றப்ப பொன்னேரி மார்க்கெட்டுல வாங்கியாந்து பஸ்ஸ்டாண்டுல என் கைல குடுப்ப. எனக்கு மட்டுமா வாங்கியாந்த? எங்க தெருல பாதி வூட்டுக்கு நீதான் காய் வாங்கியாருவ. குடுத்தியா இல்லியா?

— குடுத்தேன்.

— போன ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்து நண்டு ஆக்குனேன். நீ குடுத்த கத்திரிக்காயத்தான் காம்பு கிள்ளாம நாலா கீறிப் போட்டேன். அவருக்கு அந்தக் காம்புன்னா உயிரு. நண்டுக் கால வுட்டுட்டு காம்ப எடுத்து சப்புவாரு. கருவாட்டுக் கொழம்புன்னாலும் கத்திரிக்கா கெடக்கணும், இல்லாட்டி தட்டத் தள்ளி வெச்சுட்டு எழுந்துடுவாரு. அதான் தெனம் ஒரு கத்திரிக்கா படம். இது உனக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த மாதாவுக்கும் தெரியும்.

— எல்லாம் தெரிஞ்சும் என்கிட்ட எதுக்குக்கா கேக்கறீங்க?

— ஏன்னா அவரு ஒத்துக்கிட்டாருடி!

— மெதுவாக்கா.

— மொத அடிக்கு "இன்னா தம்பி, எதுக்கு அடிக்கற"ன்னாரு. "என் தங்கச்சிக்கு ராத்திரியும் பகலும் மெசேஜ் போடறவன் நீதானா"ன்னு உங்கண்ணன் கேட்டான். இவரு நிமுந்து பாத்தாரு. அவனப் பாக்கல, உன்னப் பாத்தாரு. பாத்துட்டு, "ஆமா நான்தான். புத்தி கெட்டுப் போயி அனுப்பிட்டேன், உட்டுடு தம்பி"ன்னாரு. எங்காதால கேட்டேன். குத்தம் பண்ணாத மனுசன் அப்படி ஏன்டி சொல்லணும்?

— அடிக்கு பயந்து சொல்லியிருப்பாரு.

— அவரா? கூலிக்கு போட்டுல போயி, புயல்ல முகத்துவாரத்தாண்ட மாட்டிக்கினு கவுந்த போட்ட புடிச்சுக்கினு விடிய விடிய மெதந்த ஆளு. வந்து "கொஞ்சம் கஞ்சி குடு"ன்னு மட்டும் சொன்னவரு. அவரு பயந்துக்குவாரா? ஆஸ்பத்திரில கேட்டேன். ஏன்யா சொன்ன, கொழம்புக்குன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுதேன்னேன். செவுத்துப் பக்கம் திரும்பிக்கினாரு. அப்பலருந்து எனக்கு இதே நெனப்பு. கொழம்புக்கும் ஆச்சு, கொழுப்புக்கும் ஆச்சுன்னு அனுப்புனாரோ? எம் பொண்ணு வயசு உனக்கு. உன்னப் பாத்து எதுனா பல்ல இளிச்சாரோ? நான் அவர் வாயில சோத்த ஊட்டறேன், ஊட்டற கை கூசுது. காலைல பஸ்ஸ்டாண்டுக்குப் போனேன். உங்கண்ணன் சேக்காளிங்க, "அக்கா, முள்ளுக் கத்திரிக்காவா, நீட்டுக் கத்திரிக்காவா, எது வேணும்"ன்றானுங்க. ஒருத்தன் காட்டூர்க்காரம்மா கூடைலருந்தே ஒன்ன எடுத்து எம்மூஞ்சிக்கு நேரா ஆட்டறான். அந்தம்மா பாவம், "கிலோவாம்மா, அரையா"ன்னு தராச தூக்குது.

— அய்யோ.

— அதெல்லாம் தாங்கிக்குவேன். ஆனா இவரு கெட்டவரா நல்லவரான்னு தெரியாம ஒரே கூரைல படுக்க முடியாதுடி. கூட்டத்துல நீ இன்னானா சொல்லிக்கோ. எங்கிட்ட மட்டும் உண்மைய சொல்லு. கம்பி புடிச்சிருக்க பாரு, அந்தக் கை மேல என் கைய வெக்கறேன். சொல்லு. அவரு எப்பனா உங்கிட்ட தப்பா பேசுனாரா?

— இல்லக்கா.

— பாத்தாரா?

— இல்ல. ஒரு நாள்கூட இல்ல. பாப்பான்னுதான் கூப்பிடுவாரு. மழைன்னா பஸ்ஸ்டாண்டுலருந்து எங்க தெரு முனை வரைக்கும் கோணிய புடிச்சுக்கிட்டு கூட வருவாரு. அந்தக் கத்திரிக்கா கத்திரிக்காதான்க்கா. கொழம்புக்குத்தான். வேற ஒன்னுமே இல்ல.

— மாதாவே! என் மாதாவே!

— அழாதீங்கக்கா. சத்தம் கேக்கும்.

— அழறேன், இரு. எத்தினி நாளா அடக்கிக்கினு கீறேன் தெரியுமா. பாவி நான், அவரப் போயி... சரி. சரி, முடிஞ்சுது. இதையே கூட்டத்துல சொல்லிடு. எனக்கு வேற ஒன்னும் வேணாம். "கொழம்புக்குக் காய் கேட்டாரு, நான் வாங்கியாந்து குடுத்தேன்"னு சொல்லு. கைக்கு கூட நியாயம் கேக்க மாட்டேன். ஏரிய வுட்டா போதும்.

— முடியாதுக்கா.

— இன்னா சொன்ன?

— என்னால அத சொல்ல முடியாது.

— இப்பத்தான் சொன்ன, கம்பியப் புடிச்சுக்கினு, எங்கைய புடிச்சுக்கினு!

— உங்ககிட்ட சொல்லலாம். அண்ணன் முன்னாடி சொல்ல முடியாது. அவன் மொதல்ல கத்திரிக்காயத் தேடிக்கிட்டு வரலக்கா. வேற ஒன்னத் தேடிக்கிட்டு வந்தான்.

— இன்னா வேற ஒன்னு?

— அந்த சுரேஷ் பஸ்ல எனக்குப் பின்னாடி நின்னுருக்கான். என் போன எட்டிப் பாத்திருக்கான். அப்ப ஒருத்தர் எனக்கு மெசேஜ் அனுப்பிட்டிருந்தாரு. இதயம், பூ, அந்த மாதிரி. பேர் தெரியல அவனுக்கு. படம் மட்டும் பாத்துட்டு அண்ணன்கிட்ட போய் வத்தி வெச்சுட்டான். அண்ணன் வீட்டுக்குள்ள வர்ற சத்தம் கேட்டுச்சு. அவசர அவசரமா எல்லாத்தையும் அழிச்சேன். அவர் பேரு, நம்பரு, எல்லாம். அதுக்குள்ள போன புடுங்கிட்டான். மேலயும் கீழயும் தள்ளித் தள்ளிப் பாத்தான். ஆம்பள பேர்ல இருந்தது ஜெரோமண்ணன் அனுப்புனது மட்டும்தான். வரிசையா கத்திரிக்கா. "இதாடா நீ பாத்தது"ன்னு கேட்டான். சுரேஷ் அதப் பாத்து சிரிச்சுட்டு, "இது அதவிட மோசம்டா மச்சி"ன்னான்.

— அப்ப நீ வாயத் தொறந்து, இது கொழம்புக்குடான்னு சொல்ல வேண்டியதுதானே?

— சொன்னா, "அப்ப அந்த இதயம் யாரு அனுப்புனது"ன்னு கேப்பான். பொன்னேரில ஒரு கடைல அழிச்சதெல்லாம் திரும்ப எடுத்துக் குடுப்பாங்கன்னு சுரேஷ் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தான். போன எடுத்துக்கிட்டு கெளம்பறதுக்குத்தான் அண்ணன் நின்னான். கத்திரிக்காயப் பாத்ததும், "இனி எதுக்குக் கடை, ஆளு கெடச்சுட்டான்"னு நேரா தொறைக்கு ஓடுனான். இப்ப நான் கூட்டத்துல இல்லன்னு சொன்னா, நாளைக்கு அந்தப் போன் கடைல இருக்கும்க்கா.

— ஓகோ. ஓகோ! இப்பல்ல புரியுது. நீ ஒருத்தன் கூட சுத்துவ, அவன் உனக்கு இதயம் அனுப்புவான், பூ அனுப்புவான். அவன் நோகாம இருக்கணும். கொழம்புக்கு காய் கேட்ட கெழவன் கை ஒடஞ்சா போவட்டும். அதானே?

— அப்படி இல்லக்கா.

— வேற எப்படி? காதலாவது கத்திரிக்காயாவது! உன் காதலக் காப்பாத்த எம் புருசன் கையிதான் கெடச்சுதா? சேத்துல தடவறவங்கதானே, ஒடஞ்சா கேக்க நாதி இல்லன்னு நெனச்சியா? உங்க தெருல எவனா மாட்டியிருந்தா இப்படி கம்முனு நின்னிருப்பியா?

— அக்கா, என்னைத் திட்டுங்க. என்ன வேணா சொல்லுங்க. ஆனா தெருவச் சொல்லாதீங்க. அவரும் எங்க தெரு கெடையாது.

— எந்தத் தெருவா இருந்தா எனக்கின்னா? அவன் பேர சொல்லு.

— வேணாம்க்கா.

— சொல்லுடி. ஆம்பளதானே அவன்? வந்து உங்கண்ணன் முன்னாடி நின்னு, நான்தான்டா அனுப்புனேன்னு சொல்லட்டும். அவன் வாங்க வேண்டிய அடிய எம் புருசன் எதுக்கு வாங்கணும்?

— அண்ணன் அவர உயிரோட விட மாட்டான். "எவனா இருந்தாலும் முகத்துவாரத்துல தள்ளிட்டுத்தான் மறுவேல"ன்னு என் முன்னாடியே சொன்னான். ஒரு காய் படத்துக்கே எலும்ப நொறுக்கிட்டான். இதுக்கு என்ன செய்வான்னு நீங்களே நெனச்சுப் பாருங்க.

— எவனோ பெத்த புள்ளைக்கு நான் ஏன் நெனச்சுப் பாக்கணும்? அவனுக்கும் ஒரு அப்பன் இருப்பான்ல? அந்த அப்பன் வந்து புள்ளையக் காப்பாத்திக்கட்டும். இதோ பாரு, நீ பேரச் சொல்லல, உங்கண்ணன் வர்ற வரைக்கும் இங்கயே குந்திக்கினு இருப்பேன். வந்ததும், "தம்பி, உன் தங்கச்சி வேற எவனையோ மறைக்கிறா, போன கடைல குடு"ன்னு நானே சொல்லிடுவேன்.

— சொல்லாதீங்கக்கா! உங்க கால்ல வேணா விழறேன். ஜெரோமண்ணனே சொல்ல வேணாம்னுதான் சொன்னாரு.

— இன்னா?

— அன்னிக்குத் தொறைல நான் சும்மா நிக்கலக்கா. "இல்லண்ணா, அது காய்க்கு"ன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அடி விழும்போதே அவர் என்னப் பாத்தாரு. இப்படி, மெல்ல, தலைய ஆட்டுனாரு. சொல்லாதன்னு. அப்புறந்தான் "நான்தான் அனுப்புனேன்"னாரு.

— அந்தப் பார்வைய நானும் பாத்தேன். அதப் பாத்துத்தானே எனக்கு சந்தேகமே வந்துச்சு. உனக்காக இவரு ஏன்டி பழிய ஏத்துக்கணும்? நீ யாரு அவருக்கு?

— என்னைக் கேக்காதீங்க.

— உங்கிட்ட கேக்காம யாருகிட்ட கேக்கறது? எங்கூட்டுல எல்லாருக்கும் பைத்தியம் புடிச்சுகீது. இவரு செவுத்தப் பாத்துக்கினு படுத்துகீறாரு. சாமு போன்ல அழறான். "நைனா மேல தப்பில்லம்மா, நான் வந்து கூட்டத்துல சொல்றேன்"ன்றான். இவரு ஆஸ்பத்திரி கட்டில்லருந்து எழுந்து, ஒடஞ்ச கையோட எங்கிட்டருந்து போன புடுங்கி, "இந்தப் பக்கம் கால் வெச்சே, நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கோ"ன்னு கத்தறாரு. நர்சம்மா ஓடியாந்துட்டாங்க. அப்பனுக்காகப் பேச வர்ற புள்ளைய எவனா இப்படித் திட்டுவானா?

— அவரு... சாம் வர்றேன்னாரா?

— சாயந்தரம் டிரெயின்ல வர்றேன்னு நிக்கறான். வரட்டும். நானும் வாடான்னுதான் சொல்லியிருக்கேன். அவங்கப்பாவுக்குத் தெரியாது.

— அய்யய்யோ, வர வேணாம்னு சொல்லுங்க! இப்பவே போன் பண்ணுங்க அத்தே! எப்படியாவது நிறுத்துங்க!

— ஏன் வரக் கூடாது? பெத்த அப்பன்...

— வந்தா அவரு சும்மா இருக்க மாட்டாரு அத்தே. எல்லாத்தையும் சொல்லிடுவாரு.

— ஏய். இரு. இன்னா சொன்ன?

— எல்லாத்தையும்...

— அது இல்ல. என்னை இன்னான்னு கூப்ட்ட? சின்னப் புள்ளைலருந்து செசிலியாக்கா, செசிலியாக்கான்னு பாவாடைய புடிச்சுக்கினு வருவ. இன்னிக்கு இன்னாடி திடீர்னு அத்தே?

— ஒன்னுமில்லக்கா.

— ஒளியாத. மூஞ்சியக் காட்டு. ஜன்னலாண்ட வா.

— வாய் தவறி வந்துடுச்சு.

— வாய் தவறியா? மோகனா. அந்தப் பூவும் இதயமும் அனுப்புனது யாரு?

— உங்களுக்கே தெரிஞ்சுடுச்சே.

— உன் வாயால சொல்லு.

— சாம்.

— எம் புள்ளையா?

— ரெண்டு பேருக்கும் பொன்னேரி ஸ்டேஷன்லதான் பழக்கம் ஆச்சு. போன மழைக்காலத்துலருந்து.

— கம்பெனி, ரூமு, ஓவர்டைமுன்னு சொல்லிக்கினு... மாதாவே. அவங்கப்பாவுக்குத் தெரியுமா?

— தெரியும். பொன்னேரி ஸ்டேஷனுக்கு நண்டு விக்க வந்தவரு எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டாரு. நாங்க பயந்து போய் எழுந்து நின்னோம். திட்டல. கூடைய எறக்கி வெச்சுட்டு கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்திருந்தாரு. "அவனுக்கு வேல பர்மனென்ட் ஆவட்டும். அதுவரைக்கும் ஊருக்குத் தெரியக் கூடாது. செசிலியாவுக்கும் சொல்லாதீங்க, அவ வாயி நிக்காது"ன்னாரு.

— என் வாயி நிக்காதாமா? படுபாவி மனுசன். அப்படியா சொன்னாரு?

— சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. அதுக்கப்புறம் நீங்க கேக்காட்டியும் எதுனா ஒரு சாக்கு வெச்சு காய் வாங்கியாரச் சொல்லுவாரு. பஸ்ஸ்டாண்டுல நீங்களும் நானும் பேசிப் பழகணும்னு.

— அடக் கடவுளே. அதான் வூட்ல கத்திரிக்கா கெடக்கறப்பவே திரும்பத் திரும்ப வந்துச்சா? நான் திட்டுனேன்டி. எத்தினி வாட்டி திட்டுனேன்.

— என்னால முடியலத்தே. மூணு வேளையும் சோறு எறங்கல. அவர் கை ஒடஞ்ச சத்தம் காதுலயே இருக்கு. நீங்க வந்து கேட்ட பிறகு இன்னும் முடியல. நான் சொல்லிடறேன். கூட்டத்துலயே. கத்திரிக்கா கொழம்புக்கு, மத்ததெல்லாம் சாமுதுன்னு. அடிச்சா என்னையும் சேத்து அடிக்கட்டும். ஜெரோமண்ணன் கெட்டவர் இல்லன்னு ஊருக்குத் தெரியணும். நீங்க அதானே கேட்டீங்க?

— நான் கேட்டேன். நான்தான் கேட்டேன்.

— சொல்லட்டுமா?

— கொஞ்சம் இரு. சாமு கெளம்பக் கூடாது, மொதல்ல போன் பண்றேன். உங்கண்ணன்... ஒரு காய் படத்துக்கே துடுப்பு எடுத்தவன், எம் புள்ளைய...

— அத்தே, பைக் சத்தம். அவந்தான். பின்னாடி ஓடைப் பக்கமா போயிடுங்க, சீக்கிரம்.

— உன்ன வுட்டுட்டு நான் போவ மாட்டேன்டி.

— அப்ப நில்லுங்க. இப்பவே சொல்லிடறேன். கூட்டம் வரைக்கும் போனா தைரியம் போயிடும்.

— ஏய்! யாரது ஜன்னலாண்ட? ஓகோ, கத்திரிக்காக்காரன் பொண்டாட்டியா? இன்னா தில்லு இருந்தா எங்கூட்டாண்டயே வந்து நிப்ப? சேத்துல தடவறது போதாதுன்னு இங்க வந்து என் தங்கச்சி மனசத் தடவறியா? மோகனா, இன்னா சொல்லச் சொல்லி மிரட்டுனா இவ?

— மிரட்டல விமலண்ணா. நான்தான் உங்கிட்ட ஒன்னு சொல்லணும். ஜெரோமண்ணன் அந்தக் கத்திரிக்காய அனுப்புனது—

— அவ சின்னப் பொண்ணு தம்பி, அந்த அசிங்கத்த அவ வாயால எதுக்கு சொல்லணும்? மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன். எம் புருசன் கெட்ட எண்ணத்துலதான் அனுப்புனாரு, சாயந்தரம் கூட்டத்துல அத நானே சொல்லிடறேன்.